பேக்கப்பில் இருந்து எடுத்தபின் ஃபைல்களின் ஓனர் மாறிப் போச்சு. அஞ்சு பேர் வேலை பார்க்கிற ஆபீஸ், வழி சொல்லுங்க

செங்கோட்டை பத்திரம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். விஷயம் கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிச்சு வழி சொல்லுங்க.

செங்கோட்டையில அப்பா காலத்துல இருந்து பத்திரம் எழுதுற ஆபீஸ் வச்சிருக்கோம். இப்போ நான் நடத்துறேன். எங்க ஊர் 1956 நவம்பர் 1 வரைக்கும் தமிழ்நாட்டோட இல்ல. அதுக்கு முன்னால திருவிதாங்கூர், அப்புறம் திரு-கொச்சி. அதனால மூலப் பத்திரம்னு ஒருத்தர் பையில இருந்து எடுத்து வச்சா, தலையில சங்கு முத்திரை இருக்கும், தேதி கொல்லம் ஆண்டுல இருக்கும், எழுத்து சிலது மலையாளம், சிலது தமிழ். அதை ஸ்கேன் பண்ணி, மலையாளத்தை வாசிச்சு, தமிழ்ல எழுதிக் கொடுக்கிறதுதான் எங்களுக்குப் பாதி வேலை. போல்டருக்கே "1104 துலாம்"னுதான் பேரு. அதாவது 1928 ஐப்பசி.

ஆபீஸ்ல என்னையும் சேர்த்து அஞ்சு பேர். மலையாளம் வாசிக்கிற அக்கா புளியரையில இருந்து பஸ்ல வாராங்க. ஸ்கேன் பண்ற பிள்ளைங்க ரெண்டு பேர். கணக்குப் பாக்குற தம்பி ஒருத்தன். மாடிப்படிக்குக் கீழ டெபியன் லினக்ஸ் போட்ட டெஸ்க்டாப் ஒண்ணு, அதுதான் சர்வர். மேஜையில இருக்கிற விண்டோஸ் கம்ப்யூட்டர்ல இருந்து சாம்பாங்கிற ஃபைல் பகிர்வு மென்பொருள் வழியா எல்லாரும் அதுலதான் சேமிக்கிறோம். ஆளுக்கு ஒரு யூசர்.

யார் எதைப் பார்க்கலாம்கிறது எங்க ஆபீஸ்ல சும்மா ஒரு பேச்சு இல்ல. அண்ணன் தம்பி பாகத் தகராறுன்னா ரெண்டு தரப்பும் எங்ககிட்டயே வருவாங்க, ஊர்ல அப்படித்தான். அப்பா அன்னைக்கே ஒரு முறை வச்சிருந்தார். ஒரு தரப்பு காகிதத்தைத் தொட்டவர் மறு தரப்பு காகிதத்தைத் தொடக்கூடாது. அப்போ ரெண்டு பீரோ, ரெண்டு சாவி. இப்போ ரெண்டு போல்டர், ரெண்டு குரூப். அந்த நம்பிக்கையிலதான் ஜனங்க மூலப் பத்திரத்தை எங்க கையில கொடுத்துட்டுப் போறாங்க.

நடந்தது இதுதான். ஜூன்ல சாரல் ஆரம்பிச்ச வாரம் கரண்ட் போய்ப் போய் வந்துச்சு. யூபிஎஸ் பேட்டரி பழசு. மூணாவது தடவை சர்வர் எழுந்திரிக்கவே இல்ல, ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு. வாரா வாரம் சனிக்கிழமை 2 டிபி யூஎஸ்பி டிஸ்க்ல நானே காப்பி எடுத்து வச்சிருந்தேன், அதனால பயப்படல. புது டிஸ்க் வாங்கி, டெபியன் போட்டு, யூசர் அஞ்சையும் திரும்ப உண்டாக்கி, யூஎஸ்பியில இருந்து எல்லாத்தையும் கொட்டினேன். ஃபைல் ஒண்ணு விடாம வந்துடுச்சு. ஆனா அத்தனையும் ரூட் பேர்ல, அதாவது சர்வரோட நிர்வாகி யூசர் பேர்ல. யாராலயும் எதையும் திருத்திச் சேமிக்க முடியல. வெளிய நாலு பேர் காத்துட்டு நிக்கிறாங்க. வேற வழி தெரியாம மொத்தத்துக்கும் 777 போட்டேன், யார் வேணாலும் வாசிக்கலாம், எழுதலாம்கிற பர்மிஷன். வேலை ஓடிச்சு. ஆனா ஒம்பது நாளா எல்லார் காகிதமும் எல்லாருக்கும் தெரியுது. எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல.

இன்னொண்ணு, அதுதான் மனசை உறுத்துது. பழைய டிஸ்கைத் தென்காசியில ஒருத்தர்கிட்ட கொடுத்தேன். பெரும்பகுதி படிக்க வருதுன்னு இமேஜ், அதாவது மொத்த டிஸ்கோட நகல், எடுத்துக் கொடுத்தார். அதைப் புது சர்வர்ல மாட்டி, எல்எஸ் மைனஸ் எல் கட்டளை போட்டு ஃபைல் பட்டியலைப் பார்த்தா, அக்காவோட மொழிபெயர்ப்பு போல்டர் முழுக்கக் கணக்குத் தம்பி பேர்ல இருக்கு. ஆறு வருஷ வேலை. அக்கா அதைப் பார்த்துட்டு ஒண்ணும் பேசல, ஆனா தம்பி பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாங்க. அவன் "நான் அந்தப் போல்டரைத் திறந்ததே இல்லக்கா"ன்னான். அன்னையில இருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. அவன் மத்தியானச் சாப்பாட்டைத் தனியாப் போய்ச் சாப்பிடுறான்.

யாராவது அதுக்குள்ள போய் மாத்தியிருக்க முடியுமா? பழைய ஓனர் விவரத்தை மீட்க முடியுமா? இனிமே பேக்கப் எடுக்கும்போது யார் ஃபைல் யார் பேர்ல இருந்துச்சோ அப்படியே இருக்கணும்னா என்ன செய்யணும்?


களியக்காவிளை நெட்வொர்க் எழுதியது:

அக்கா, காப்பி பண்ற சிபி கட்டளைக்கு மைனஸ் ஆர் மட்டும் போட்டா காப்பி பண்றவர் பேர்லதான் புது ஃபைல் உண்டாகும். ரூட்டா இருந்து கொட்டினீங்க, அதனால ரூட் பேர். மைனஸ் ஏ போட்டா ஓனர், குரூப், பர்மிஷன், தேதி எல்லாம் கூட வரும். அதையும் ரூட்டா இருந்துதான் ஓட்டணும். சாதாரண யூசர் இன்னொருத்தர் பேர்ல ஃபைலை எழுத லினக்ஸ் விடாது.

ஒண்ணு கேக்கணும். அந்த யூஎஸ்பி டிஸ்க் என்ன ஃபார்மட்? கடையில வாங்கினபடியே மாட்டியிருந்தா எக்ஸ்ஃபேட்டா இருக்கலாம். அப்படின்னா மைனஸ் ஏ போட்டிருந்தாலும் பிரயோஜனம் இல்ல. ஓனரை எழுதி வைக்க அதுல இடமே கிடையாது. மாட்டும்போது எந்த யூசர் பேர் சொல்றோமோ அந்தப் பேரைத்தான் எல்லா ஃபைலுக்கும் காட்டும்.


செங்கோட்டை பத்திரம் எழுதியது:

ஆமா தம்பி, எக்ஸ்ஃபேட்தான். விண்டோஸ்லயும் திறக்கணுமேன்னு அப்படியே விட்டுட்டேன். அப்போ யூஎஸ்பியில தேடுறதுல அர்த்தம் இல்ல. பழைய டிஸ்க் இமேஜ்தான் கதி. அதுலதான் பேரே மாறிக் கெடக்கு.


நகரி தறி எழுதியது:

அக்கா, மத்ததெல்லாம் அப்புறம். முதல்ல அந்தத் தம்பியக் கூப்பிட்டு, அக்காவையும் பக்கத்துல உக்கார வச்சு, அவன் ஒண்ணும் செய்யலைன்னு சொல்லிடுங்க. எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்றேன்னா, டிஸ்க்ல யார் பேரும் எழுதியிருக்காது. நம்பர்தான் எழுதியிருக்கும்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் ஐநோடுன்னு ஒரு சின்னப் பதிவு டிஸ்க்ல இருக்கும். அதுல ஓனர்ங்கிற இடத்துல 1001, 1002னு ஒரு எண் மட்டும்தான். அந்த எண்ணுக்கு என்ன பேருங்கிறது ஈடிசி போல்டர்ல இருக்கிற பாஸ்வேர்டு ஃபைல்ல தனியா இருக்கு. எல்எஸ் போடும்போது அது டிஸ்க்ல எண்ணைப் பாக்கும், இந்த மெஷினோட பாஸ்வேர்டு ஃபைல்ல அந்த எண்ணுக்கு யாருன்னு பாக்கும், பேரை அச்சடிக்கும். நீங்க பழைய டிஸ்கைப் புது மெஷின்ல மாட்டினீங்க. எண் பழசு, பேர்ப் பட்டியல் புதுசு.

டெபியன்ல சாதாரண யூசருக்கு எண் 1000ல ஆரம்பிச்சு வரிசையா ஏறும். பழைய மெஷின்ல எந்த வரிசையில யூசர் போட்டீங்க, புதுசுல எந்த வரிசையில போட்டீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. ரெண்டுலயும் நீங்க 1000, ஏன்னா இன்ஸ்டால் பண்ணவர். பழசுல உங்களுக்கு அடுத்து அக்காவா? புதுசுல உங்களுக்கு அடுத்து கணக்குத் தம்பியா? அப்படின்னா 1001ங்கிற எண் அங்க அக்கா, இங்க தம்பி. சோதிக்கணும்னா எல்எஸ் மைனஸ் எல்லுக்குப் பதிலா மைனஸ் என் போட்டுப் பாருங்க, பேருக்குப் பதிலா எண் வரும். அப்புறம் அந்த இமேஜ் உள்ளயே பழைய ஈடிசி பாஸ்வேர்டு ஃபைல் இருக்கும், அதைத் திறங்க. 1001க்கு நேரா அக்கா பேரு அப்படியே இருக்கும். அந்த வரியைத் தம்பிக்கும் அக்காவுக்கும் ஸ்க்ரீன்ல காட்டுங்க. வார்த்தையால சொல்றதைவிட அது மேல்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, எனக்கும் இதே வேதனை வந்திருக்கு. நகரியில விசைத்தறிக்காரங்க சேர்ந்து வச்சிருக்கிற ஒரு சங்கத்துக்கு சர்வர் பாத்துக்கிறேன். கூலிக் கணக்கு, நூல் கணக்கு, பாவு கணக்கு எல்லாம் அதுல. நூல் குடோன் பாத்துட்டு இருந்த பெரியவர் வேலைய விட்டுப் போனப்ப அவர் யூசரை அழிச்சேன். ஃபைலெல்லாம் இருக்கட்டும்னு விட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு பையன் சேர்ந்தான், அவனுக்கு யூசர் போட்டேன். டெபியனோட ஆட்யூசர் காலியா இருக்கிற முதல் எண்ணைத்தான் எடுத்துக் கொடுக்கும். பெரியவரோட 1003 அவனுக்குப் போச்சு. பெரியவர் பதினோரு வருஷம் எழுதின நூல் கணக்கு முழுக்க ஒரே நாள்ல அந்தப் பையன் பேர்ல நின்னுச்சு. ஸ்டாக் குறைஞ்ச ஒரு மாசத்துக் கணக்கும் அதுல இருந்தது. கூட்டத்துல அந்தப் பையனை நிக்க வச்சுக் கேட்டாங்க. நான் எழுந்து நின்னு தப்பு என்னோடதுன்னு தெலுங்குலயும் தமிழ்லயும் ரெண்டு தரம் சொன்னேன். அதுக்கப்புறம் யாரையும் அழிக்கிறது இல்ல, லாக் மட்டும்தான் பண்றேன். எண்ணை ஒரு நோட்டுல கையால எழுதி வச்சிருக்கேன். போனவர் எண் யாருக்கும் போகாது.

சரி, இப்ப உங்க வேலை. நான் சொல்ற வரிசையிலயே செய்யுங்க.

இமேஜை ஒரு தரம் இன்னொரு டிஸ்க்ல காப்பி எடுத்து வச்சுட்டு, ரீட் ஒன்லியா மாட்டுங்க. அதுல எதுவும் எழுதப்படக்கூடாது. உங்ககிட்ட இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.

அடுத்து, புது மெஷின்ல யூசர் எண்களைப் பழைய எண்களுக்கே திருப்புங்க. ஞாயித்துக்கிழமை, யாரும் இல்லாதப்ப, சாம்பாவை நிறுத்திட்டு. யூசர்மாட் கட்டளையில மைனஸ் யூ போட்டா எண் மாறும். குரூப் எண்ணுக்குக் குரூப்மாட். ஆனா இதுல ஒரு இடறு இருக்கு. தம்பி இப்ப 1001, அவனை 1004க்கு மாத்தணும்னு வைங்க. 1004ல இப்ப ஸ்கேன் பண்ற பிள்ளை இருக்கு, அதனால யூசர்மாட் மறுக்கும். ஃபைல்களுக்கு அந்த மறுப்பும் கிடையாது. ஃபைல் தேடுற ஃபைண்ட் கட்டளை வச்சு 1001 எல்லாத்தையும் 1004 ஆக்கினா, ஏற்கனவே இருக்கிற 1004 ஃபைல்களோட கலந்துடும். அடுத்த சுத்துல 1004ஐ 1003 ஆக்கும்போது ரெண்டும் சேர்ந்து போயிடும். பிரிக்கவே முடியாது. அதனால எல்லாரையும் முதல்ல ஆளில்லாத எண்களுக்குக் கொண்டு போங்க: 11001, 11002 அப்படி. யூசரையும் ஃபைலையும் அங்க நிறுத்தின பிறகு ஒவ்வொருத்தரா உரிய எண்ணுக்கு இறக்குங்க. யூசர்மாட் அவங்கவங்க ஹோம் போல்டர்ல இருக்கிறதை மட்டும்தான் தானே மாத்தும். சாம்பா ஷேர்ல இருக்கிற ஃபைல்களை நீங்கதான் ஃபைண்டும், ஓனரை மாத்துற சவுனும் போட்டு மாத்தணும். இந்த ஒம்பது நாள்ல புதுசா செஞ்ச வேலையெல்லாம் அதுலதான் அடங்கும்.

எண்கள் ஒத்துப் போன பிறகு, பழைய இமேஜ்ல இருந்து ஓனர் விவரத்தை மட்டும் எடுத்து வரணும். இங்க அவசரப்பட்டு, ரெண்டு போல்டரை ஒத்துப் பாத்துக் காப்பி பண்ற ஆர்சிங்க் கட்டளையைப் போட்டுடாதீங்க. நீங்க யூஎஸ்பியில இருந்து கொட்டும்போது தேதியும் போயிருக்கும். எல்லா ஃபைலும் இந்த மாசத்துத் தேதியில நிக்கும். ஆர்சிங்க் அளவையும் தேதியையும் பாத்துத்தான் முடிவெடுக்கும். தேதி ஒத்து வரலைன்னா ஃபைலையே பழசை வச்சு எழுதிடும், இந்த ஒம்பது நாள்ல திருத்தினது போயிடும். புதுசா இருக்கிறதைத் தொடாதேன்னு அப்டேட் ஆப்ஷன் போட்டாலோ, எல்லாமே புதுசாத் தெரியுறதால ஒண்ணையும் தொடாது.

ஓனர் விவரத்தை மட்டும் எடுக்கக் கெட்எஃப்ஏசிஎல்னு ஒரு கட்டளை இருக்கு. பழைய ஷேர் போல்டர்க்குள்ள போய், மைனஸ் பெரிய ஆர், மைனஸ் சிறிய என், ஒரு புள்ளி. வர்றதை ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல சேமிங்க. ஒவ்வொரு ஃபைலுக்கும் பேர், ஓனர் எண், குரூப் எண், பர்மிஷன்னு வரிவரியா வரும். திறந்து கண்ணால பாருங்க. உங்க "1104 துலாம்" போல்டர் வர்ற இடத்துல ஓனர் 1001னு இருக்கணும். அப்புறம் புது ஷேர் போல்டர்க்குள்ள வந்து, ரூட்டா இருந்து, செட்எஃப்ஏசிஎல் ரீஸ்டோர்னு அந்த டெக்ஸ்ட் ஃபைலைக் கொடுங்க. ஃபைலுக்குள்ள இருக்கிறதைத் தொடாது. ஓனர், குரூப், பர்மிஷன் மூணையும் பழையபடி நிறுத்தும். 777 தானா ஒழியும்.

இமேஜ்ல படிக்க வராத ஃபைல் சிலது 777லயே நிக்கும். அதை ஃபைண்ட் வச்சுத் தேடி, யாரோடதுன்னு தெரியுற வரைக்கும் உங்க பேர்ல 600 ஆக்கி வைங்க, ஓனர் மட்டும் வாசிக்கலாம், எழுதலாம். பாகத் தகராறு போல்டர் ரெண்டையும் முதல்ல பாருங்க.

இனிமே பேக்கப்புக்கு: யூஎஸ்பி டிஸ்கை லினக்ஸோட ஃபார்மட்டான எக்ஸ்ட்4 ஆக்கிடுங்க. விண்டோஸ்ல திறக்காது, திறக்கவும் வேண்டாம். ரூட்டா ஆர்சிங்க், மைனஸ் சிறிய ஏ, பெரிய ஹெச், பெரிய ஏ, பெரிய எக்ஸ், கூடவே நியூமெரிக் ஐடீஸ். சிறிய ஏ மட்டும் போட்டா ஓனரும் குரூப்பும் வரும், ஏசிஎல், அதாவது ஓனர், குரூப் தாண்டி மத்தவங்களுக்குத் தனியா வச்ச அனுமதி, வராது. ஒரு குரூப்புக்கு மேல அனுமதி வச்சிருந்தா பெரிய ஏ இல்லாம அது போயிடும். நியூமெரிக் ஐடீஸ் எதுக்குன்னா, அது இல்லைன்னா ஆர்சிங்க் பேரை வச்சுப் பொருத்தப் பாக்கும், பேர் இல்லாத இடத்துல எண்ணைப் போடும். ரெண்டும் கலந்த பேக்கப் பின்னால நம்மள அலைக்கழிக்கும். எண்ணுன்னா எண்ணு.

எக்ஸ்ஃபேட்டை விட மனசில்லைன்னா டார் வழி இருக்கு. மொத்தத்தையும் ஒரே டார் ஃபைலாக் கட்டி எக்ஸ்ஃபேட் டிஸ்க்ல வைக்கலாம். ஓனர் விவரம் டாருக்குள்ள இருக்கு, வெளிய டிஸ்க் எதுவா இருந்தா என்ன. டார் பேரையும் எழுதும், எண்ணையும் எழுதும். ரூட்டாப் பிரிக்கும்போது முதல்ல பேரைத்தான் பாக்கும். உங்க கேஸ்ல டாரா இருந்திருந்தா, எண் மாறியிருந்தும் அக்கா ஃபைல் அக்காகிட்டயே வந்திருக்கும். ஏசிஎல் வேணும்னா டாருக்கும் அதைத் தனியாச் சொல்லணும்.

எந்த வழியா இருந்தாலும் ஈடிசி பாஸ்வேர்டு, குரூப், ஷேடோ மூணு ஃபைலும் கூடவே போகணும். சாம்பாவோட பாஸ்வேர்டு இருக்கிற பாஸ்டிபி ஃபைலும்தான், அது வார் லிப் சாம்பா பிரைவேட்ல இருக்கும். எண்ணுக்குப் பேர் சொல்ற பட்டியல் இல்லாத பேக்கப், சாவடியில முகவரி இல்லாம இறக்கின மூட்டை மாதிரி.


போடி ஏலம் எழுதியது:

நகரி அண்ணன் சொன்னதுல எனக்கு மாத்த ஒண்ணுமில்ல. சேக்கணும்னு ரெண்டு இருக்கு.

நாங்க ஏலக்காய் வியாபாரம். கணக்கு ஆபீஸ் போடியில, ஸ்டோர் குமுளியில. மழைக்காலத்துல மலைப்பாதையில மண்ணு சரிஞ்சா ரெண்டு ஊருக்கும் நடுவுல போக்குவரத்தே நின்னு போகும். அதனால போடி சர்வரோட பேக்கப் ராத்திரி நெட் வழியா குமுளியில இருக்கிற நாஸ் பெட்டிக்கு, அதாவது நெட்வொர்க்ல மாட்டுற சேமிப்புப் பெட்டிக்கு, போகுது. அந்தப் பெட்டி ரூட்டா உள்ள விடாது. சாதாரண யூசராப் போனா ஓனரை மாத்த முடியாது, எல்லா ஃபைலும் அந்த ஒரு யூசர் பேர்லதான் விழும். இதுல நான் ரொம்ப நாள் மாட்டிட்டு இருந்தேன். ஆர்சிங்க்ல ஃபேக் சூப்பர்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அதை வாங்குற பக்கத்துக்குக் கொடுத்தா, உண்மையான ஓனர், குரூப், பர்மிஷன் விவரத்தை ஃபைலோட ஒட்டியே எக்ஸ்டென்டட் ஆட்ரிபியூட்டா எழுதி வச்சுடும். நாஸ்ல பாத்தா எல்லாம் ஒரே பேர்ல தெரியும், அதைப் பாத்துப் பயப்பட வேண்டாம். திருப்பி எடுக்கும்போது அதே ஆப்ஷனை நாஸ் பக்கம் கொடுத்து, நம்ம பக்கம் ரூட்டா வாங்கினா, அவங்கவங்க பேர்ல வந்து உக்காரும். நாஸ்ல இருக்கிற ஃபைல் சிஸ்டம் எக்ஸ்டென்டட் ஆட்ரிபியூட் தாங்குமான்னு மட்டும் முன்னாலயே பாத்துக்கணும். பத்து ஃபைலை அனுப்பி, வேற போல்டர்ல திருப்பி வாங்கிப் பாத்தாப் போதும்.

ரெண்டாவது. அக்கா, ஓனர் விவரம் சரியா இருக்குங்கிறதால அந்த யூஎஸ்பி டிஸ்க் பூட்டியிருக்குன்னு நினைச்சுடாதீங்க. உங்க டிராயர்ல இருந்து யாராவது எடுத்துட்டுப் போய் அவங்க லேப்டாப்ல மாட்டினா, அங்க ரூட் அவங்கதான். 600 போட்ட ஃபைலும் திறக்கும். ரெண்டு தரப்புக் காகிதமும் அந்த ஒரே டிஸ்க்ல சேர்ந்து இருக்கு. எக்ஸ்ட்4 ஆக்கும்போதே லக்ஸ் வச்சு என்கிரிப்ட் பண்ணிட்டு, அதுமேல எக்ஸ்ட்4 போடுங்க. கடவுச்சொல் உங்ககிட்ட ஒண்ணு, வீட்டுல இரும்புப் பெட்டியில எழுதி வச்சது ஒண்ணு. அதைத் தொலைச்சா டிஸ்கும் தொலைஞ்சது, அதையும் மனசுல வச்சுக்கோங்க.


நகரி தறி எழுதியது:

லக்ஸ் நல்ல யோசனைம்மா, நான் விட்டுட்டேன்.

சோதனை பத்தி ஒரு வார்த்தை. பேக்கப் முடிஞ்சதும் அதே ஆர்சிங்க்கை மைனஸ் என், மைனஸ் ஐ சேத்து ஒரு தரம் ஓட்டுங்க. ஒண்ணையும் எழுதாது, வித்தியாசத்தை மட்டும் வரி வரியாக் காட்டும். வரியோட தலையில புள்ளி, எஃப், நாலு புள்ளி, அப்புறம் ஓ, ஜி, மூணு புள்ளின்னு வந்தா, அந்த ஃபைலுக்குள்ள இருக்கிறது ஒண்ணுதான், ஓனரும் குரூப்பும்தான் வேறன்னு அர்த்தம். நம்ம தேடுறது அந்த ஓவும் ஜியும்தான். ஒரு வரியும் வராம ப்ராம்ப்ட் திரும்பி வந்தா எல்லாம் ஒத்திருக்கு.


செங்கோட்டை பத்திரம் எழுதியது:

அண்ணாச்சி, தங்கச்சி, களியக்காவிளை தம்பி, மூணு பேருக்கும் கை கூப்பி நன்றி சொல்றேன்.

அன்னைக்குச் சாயங்காலமே ரெண்டு பேரையும் உக்கார வச்சேன். இமேஜ் உள்ள இருக்கிற பழைய பாஸ்வேர்டு ஃபைலை ஒரு பக்கம், புதுசை ஒரு பக்கம் திறந்து வச்சேன். அண்ணாச்சி சொன்னது அச்சு அசலா அப்படியே. பழசுல 1001க்கு நேரா அக்கா பேர், புதுசுல 1001க்கு நேரா தம்பி பேர். அன்னைக்குப் பில் போட வேண்டியிருந்ததால என் பேருக்கு அடுத்து முதல்ல அவனுக்குத்தான் யூசர் போட்டேன், இப்போ ஞாபகம் வருது. அக்கா கண்ணாடியைப் போட்டுட்டு ரெண்டு வரியையும் விரல் வச்சு வாசிச்சாங்க, பத்திரம் வாசிக்கிற மாதிரியே. அப்புறம் அவன் தலையில கை வச்சு "மன்னிச்சுக்கோப்பா"ன்னாங்க. அவன் அழுதுட்டான்.

ஞாயித்துக்கிழமை காலையில ஆரம்பிச்சு மதியம் மூணு மணிக்கு முடிச்சேன். 11001 வழி இல்லாமப் போயிருந்தா நான் நிச்சயமாக் கலந்து விட்டிருப்பேன். ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் எண்ணிக்கை எடுத்து எழுதினேன், சுத்துக்கு முன்னால எத்தனை, பின்னால எத்தனைன்னு. ஒரு இடத்துல கூட மாறல. செட்எஃப்ஏசிஎல் ரீஸ்டோர் முடிஞ்சு "1104 துலாம்" போல்டரைத் திறந்தேன். வரிசையா அக்கா பேரு. பாகத் தகராறு போல்டர் ரெண்டையும் ஸ்கேன் பிள்ளைங்க ரெண்டு பேர் லாகின்லயும் மாறி மாறித் திறந்து பார்த்தேன். தன்னோடது திறக்குது, மத்தது அனுமதி இல்லைன்னு சொல்லுது. அந்த ரெண்டு தரப்புக்கும் நேர்ல போய், ஒம்பது நாள் இப்படி இருந்துச்சு, இப்போ சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டு வந்தேன். பெரியவர் ஒண்ணும் சொல்லல. தம்பிக்காரர் கொஞ்சம் கோபப்பட்டார். அவர் கோபம் நியாயம்.

யூஎஸ்பி டிஸ்க் இப்போ லக்ஸ் மேல எக்ஸ்ட்4. முதல் பேக்கப் எடுத்து, மைனஸ் என் போட்டு ஓட்டினேன். ஒரு வரியும் வரல. இன்னொரு டிஸ்க் வாங்கி ஒண்ணு மாத்தி ஒண்ணு வீட்டுக்கு எடுத்துட்டுப் போகப் போறேன். யூபிஎஸ்க்குப் புது பேட்டரியும் போட்டாச்சு.

யூசர் எண் அஞ்சையும் நாள்வழி நோட்டோட முதல் பக்கத்துல எழுதி வச்சிருக்கோம். தம்பிதான் எழுதினான்.

இமேஜ்ல படிக்க வராத ஃபைல் 43 நின்னுச்சு. எல்லாத்தையும் என் பேர்ல 600 ஆக்கிட்டேன். பெரும்பாலும் கொல்லம் 1110க்கு முந்தின பத்திரங்களோட ஸ்கேன். அக்காவும் நானும் தினமும் சாயங்காலம் பத்துப் பத்தாத் திறந்து, யார் கொண்டு வந்த பத்திரம், யார் ஸ்கேன் பண்ணதுன்னு ரசீதுப் புத்தகத்தோட ஒத்துப் பார்த்து மாத்திட்டு வாரோம். நேத்து வரைக்கும் 31 முடிஞ்சிருக்கு.